மணலும் கல்லும், பத்துக்கு மூன்று மார்க்கும்

கம்ப்யூட்டரைப் பற்றி நான் எழுதுவேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கரண்ட் பில்லைக்கூட இன்னும் வரிசையில் நின்று கட்டுகிறவன் நான். ஆனால் போன மே மாதம் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் கம்ப்யூட்டர் எப்படி மணலையும் கல்லையும் வரையக் கற்றுக்கொண்டது என்ற கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் 1986. அப்போது நான் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். எட்டாம் வகுப்புக்குக் 'கடற்கரைக் காட்சி' என்று வாட்டர் கலர் பயிற்சி கொடுத்திருந்தேன். எல்லாப் பையன்களும் தென்னை மரம், படகு, பாதி மூழ்கிய சூரியன் என்று வரைந்தார்கள். தேவனாம்பட்டினம் பக்கத்து மீனவப் பையன் ஒருவன் மட்டும் முகத்துவாரத்தில் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களை வரைந்திருந்தான். சூரியனும் இல்லை, மரமும் இல்லை. கல், அதன் இடுக்கில் மணல், அவ்வளவுதான். கல்லுக்கும் மணலுக்கும் நடுவில் கோடு வெட்டினாற்போல் இருந்தது.

எங்கள் மாஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, 'ஓரம் தெரியக் கூடாது, ஒரு நிறம் இன்னொன்றில் கரைய வேண்டும்' என்பது. ஹையர் கிரேடு பரீட்சைக்கு நான் தயார் செய்ததும் அப்படித்தான். ஆகவே திருத்துகிறேன் என்று தண்ணீரில் பிரஷ்ஷைத் தோய்த்து, அவன் வரைந்த கல் ஓரம் முழுவதையும் ஈரமாக்கிக் கரைத்துவிட்டேன். பத்துக்கு மூன்று மார்க் போட்டேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். "உட்காருடா" என்றேன். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அப்பாவோடு கடலுக்குப் போகிறான் என்று மற்ற பையன்கள் சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தேவனாம்பட்டினம் பக்கம் போன ஒவ்வொரு முறையும் அவன் முகம் நினைவுக்கு வரும். இருக்கிறானா என்று யாரையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது மே மாதத்துக்கு வருகிறேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன், லீவில் சிதம்பரம் வந்திருந்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்து, "தாத்தா, இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க" என்றான். திரையில் ஒரு கடற்கரை. பாறை, மணல், தூரத்தில் அலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாறையும் மணலும் சேரும் இடத்தில் பாறை கண்ணாடி மாதிரி ஆகி, அதற்குள் மணல் தெரிந்தது. கல்லின் ஆவி போல இருந்தது. "கல்லு உருகிப் போச்சேடா" என்றேன். "அதேதான் தாத்தா, இதுதான் எங்க பழைய தலைவலி" என்று சிரித்தான். அன்று ராத்திரி ஒரு மணி வரை அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நானாகவும் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

கம்ப்யூட்டர் ஒரு மலையை உருவாக்கினால் முதலில் கிடைப்பது வெறும் கம்பிக் கூடு. அதன் மேல் தோல் போர்த்த வேண்டும். ஒரு படத்தை எடுத்து ஒரு வடிவத்தின் மேல் ஒட்டுவது எப்படி என்று 1974-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் தன் ஆய்வேட்டில் காட்டினார். பிற்பாடு பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர். நோட்டுப் புத்தகத்துக்குப் பிரவுன் ஷீட் அட்டை போடுகிறோம் அல்லவா, அந்த மாதிரிதான். ஒட்டும் அந்தப் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். மணல் டெக்ஸ்சர், கல் டெக்ஸ்சர் என்று தனித்தனியாக வைத்திருப்பார்களாம்.

மலையின் வடிவம் வந்த கதை இன்னும் சுவாரசியம். போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த லோரன் கார்ப்பென்டருக்கு, விமானப் படங்களுக்குப் பின்னணியில் மலை வேண்டியிருந்தது. கடற்கரையின் நீளம், மலையின் ஒழுங்கின்மை பற்றியெல்லாம் கணக்குப் போட்ட மாண்டல்பிராட்டின் புத்தகத்தைப் படித்தார். ஒரு பெரிய முக்கோணம். அதன் பக்கங்களின் நடுப்புள்ளியைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளினால் நாலு முக்கோணம். அவை ஒவ்வொன்றும் மறுபடி நாலு. இப்படியே போனால் மலை வந்துவிடுகிறது. 1980-இல் சியாட்டிலில் நடந்த கம்ப்யூட்டர் படக் கலை மாநாட்டில் இரண்டு நிமிடப் படமாக அதைப் போட்டுக் காட்டினார். அதன் பிறகு லூகாஸ் ஃபிலிம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1982-இல் வந்த ஸ்டார் ட்ரெக் இரண்டாம் படத்தில் ஒரு பாழ்கிரகம் உயிர்பெறும் காட்சியில் வருவது இந்த வகை மலைகள்தான்.

அதே 1982-இல் 'ட்ரான்' என்று ஒரு படம். அதில் வேலை செய்த கென் பெர்லினுக்கு ஒரு குறை. கம்ப்யூட்டர் வரைவதெல்லாம் வழவழவென்று பிளாஸ்டிக் சாமான் போல இருக்கிறதே என்று. அவர் ஒரு கணக்கு கண்டுபிடித்தார். ஒழுங்காகவும் இல்லாமல், முழுக்கத் தாறுமாறாகவும் இல்லாமல், இயற்கையில் இருப்பதுபோல ஏற்ற இறக்கம் தரும் கணக்கு. அதற்கு 'நாய்ஸ்' என்று பெயர், அதாவது இரைச்சல். 1985-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1997-இல் அதற்காக ஆஸ்கார் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. என் பழைய மாணவர்கள் யாராவது படித்தால் சிரிப்பார்கள்: மணல் வரைய நாம் என்ன செய்தோம்? பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் காவி கலரைத் தொட்டு, கட்டைவிரலால் சுண்டித் தெளித்தோம். சட்டையெல்லாம் புள்ளி. அந்தத் தெளிப்புதான் பெர்லினின் கணக்கும். அவருக்கு விருது, நமக்கு வீட்டில் திட்டு.

ஆக வடிவம் வந்துவிட்டது, மணலும் வந்துவிட்டது, கல்லும் வந்துவிட்டது. இரண்டும் சேரும் இடம்தான் வரவில்லை.

ஆரம்பகால விளையாட்டுகளில் தரையைச் சதுரம் சதுரமாக, தள ஓடு பதிப்பதுபோல் வைப்பார்களாம். இந்தச் சதுரம் மணல், அடுத்தது கல். நடுவில் வெட்டிய கோடு. கேட்டதும் எனக்கு நம் ஊர்க் கதைதான் ஞாபகம் வந்தது. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அதுவரை நிலம் தங்களுக்கு என்று வாங்கினார்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஊர்ப் பெயர் இருக்கிறதே, அந்தக் குண்டுதான். எல்லை போடுகிறவனுக்குக் கோடு வேண்டும். நிலத்துக்குக் கோடு தெரியாது.

கோட்டை அழிக்க வந்தது 'பங்கு' முறை. 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர், ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைக்கும்போது ஒவ்வொரு புள்ளியிலும் எது எத்தனை பங்கு தெரிய வேண்டும் என்பதற்கு முறையாகக் கணக்கு எழுதிவைத்தார்கள். 2000-இல் சார்லஸ் புளூம் என்பவர் விளையாட்டு நிலப்பரப்புக்கு இதைப் பயன்படுத்தும் வழியை எழுதினார். நிலத்துக்கு மேல் ஒரு கண்ணுக்குத் தெரியாத காகிதம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இங்கே மணல் முழுசாக, அங்கே கல் முழுசாக, நடுவில் பாதிக்குப் பாதி என்று சாயம் பூசிவைப்பார்கள். கம்ப்யூட்டர் அந்தப் பங்கின்படி இரண்டையும் கலந்து காட்டும்.

இதுதான் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம். ஈரத்தின் மேல் ஈரம் வை, ஓரத்தைக் கரை. பேரன் திரையில் கல் ஆவியானதும் இதனால்தான். மணலும் கல்லும் பாலும் தண்ணீரும் அல்ல. எந்தக் கடற்கரையிலும் பாதிக் கல், பாதி மணலாக ஒரு பொருள் கிடையாது.

நடுவில் 1983-இல் பீட்டர் பர்ட், எட்வர்ட் ஏடல்சன் என்ற இருவர் ஒரு ஆப்பிளையும் ஆரஞ்சையும் ஒட்டுத் தெரியாமல் ஒரே பழமாகச் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பெரிய நிற மாற்றங்களை அகலமாகக் கலக்க வேண்டும், நுணுக்கமான சொரசொரப்பைக் குறுகலாகக் கலக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டது. அருமையான யோசனை. ஆனால் பழத்துக்குப் பள்ளம் மேடு இல்லை. கல்லுக்கு உண்டு.

அந்தப் பள்ளம் மேட்டில்தான் விடை இருந்தது. பேரன் சொன்னதை என் பாஷையில், மார்க் கணக்கில் சொல்கிறேன். கல் டெக்ஸ்சரின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிறத்தோடு கூட உயரத்தையும் எழுதிவைத்துவிட வேண்டும். கல்லின் உச்சிக்கு 90 மார்க், இடுக்குக்கு 10 மார்க் என்று. மணல் சமமாக இருப்பதால் எல்லா இடத்திலும் 40 என்று வைத்துக்கொள்வோம். இனி பங்கையும் உயரத்தையும் கூட்டிப் பார், எது அதிகமோ அதைக் காட்டு. எல்லையில் இருவருக்கும் ஆளுக்கு 50 பங்கு. உச்சியில் கல்லுக்கு 140, மணலுக்கு 90. கல் தெரியும். இடுக்கில் கல்லுக்கு 60, மணலுக்கு அதே 90. மணல் தெரியும். பங்கு சரிபாதிதான். ஆனாலும் கல் கல்லாகவும் மணல் மணலாகவும் நிற்கின்றன.

இன்னும் கொஞ்சம் மணல் பக்கம் நகர்ந்தால், மணலுக்கு 80 பங்கு, கல்லுக்கு 20. இப்போது கல் உச்சியில் கல்லுக்கு 110, மணலுக்கு 120. வித்தியாசம் பத்தே மார்க். இப்படி 20 மார்க்குக்குள் நெருங்கி வந்தால் மட்டும் இரண்டையும் கலக்கச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு கல், இரண்டு பங்கு மணல் என்று கணக்கு வருகிறது. மணலில் முக்கால்வாசி புதைந்த கல்லின் தலையில் மெல்லிய புழுதி படிந்திருக்குமே, அப்படியே வந்து நிற்கிறது. அவன் ஒரு விசையைத் தட்டினான். ஆவி மறைந்து கல் எழுந்தது. இடுக்கெல்லாம் மணல். ஓரம் வெட்டினாற்போல் இருந்தது.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். "என்ன தாத்தா?" என்றான். சொன்னேன். அந்தப் பையன், அந்தப் படம், அந்த மூன்று மார்க். அவன் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுப் படுக்கப் போனான்.

மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் நடராஜர் கோயிலுக்குப் போனேன். வெளிப் பிராகாரத்தில் பாவியிருக்கும் கருங்கல் மேல் அறுபது வருடமாக நடக்கிறேன். சிதம்பரத்தைச் சுற்றிப் பாறையே கிடையாது. எல்லாம் வண்டல் மண். அத்தனை கல்லும் எங்கிருந்தோ வந்த கல். அன்றுதான் முதல்முறையாகக் குனிந்து பார்த்தேன். மணல் எங்கே இருக்கிறது? கல்லும் கல்லும் சேரும் வாயில் இருக்கிறது, தேய்ந்து குழிந்த இடத்தில் இருக்கிறது. மேடான இடத்தில் ஒரு பொட்டு இல்லை. தெரிந்தவர் ஒருவர், "சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் இன்னொன்று சொன்னார். காய்ந்த மணலைக் குவித்தால் சுமார் 34 டிகிரி சாய்வுக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். அதைவிடச் செங்குத்தாக ஒரு சரிவு இருந்தால் அங்கே மணல் இருக்க முடியாது, கல்தான். கம்ப்யூட்டர்காரர்களும் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1989-இலேயே மஸ்கிரேவ் என்பவரும் கூட்டாளிகளும், கணக்கில் செய்த மலையை மழையிலும் வெயிலிலும் தேயவிட்டு, உதிர்ந்தது அடிவாரத்தில் சரிந்து குவியும்படி செய்துகாட்டினார்கள். நண்பர் பேச்சோடு பேச்சாக, "நம்ம ஊர்ல மணலே கல்லு, கல்லே மணலு" என்றார். கேப்பர் மலையின் சிவப்பு நிலம் அப்படித்தான். அந்தப் பாறை வகைக்கே உலகப் புத்தகங்களில் கடலூர் மணற்கல் என்று பெயர். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அவையும் அந்தப் பாறைக்குள் இருந்து வந்தவைதான்.

நம் தமிழில் 2014-இல் 'கோச்சடையான்' வந்தபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். எல்லோரும் ரஜினியைப் பார்த்தார்கள். நான் பின்னால் இருந்த நிலத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று முணுமுணுத்தது நினைவிருக்கிறது. என்ன என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. அதைவிட ஆர்.எஸ். மனோகர் நாடகத்து மேடைக் காட்சிகள் எனக்குப் பிடிக்கும். நம் வயதுக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

பேரன் ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால், உண்மையான கருங்கல்லை மேலிருந்து போட்டோ எடுக்க வேண்டும் என்றான். கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போனோம். முகத்துவாரத்துக் கல் மேல் அவன் கேமராவோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். நான் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். எப்படியோ துணிந்து அந்தப் பையனின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டேன். "அவரா? அதோ அந்த ஃபைபர் போட்டுக்குப் பக்கத்துல" என்று கையைக் காட்டினார்கள்.

ஐம்பது வயது ஆள். நரைத்த தாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. "டிராயிங் மாஸ்டர் சார்!" என்றார். சுனாமியில் வீடு போயிற்றாம், ஆள் சேதம் இல்லையாம். இரண்டு பெண்கள், ஒருத்தி நர்ஸ் படிப்பு முடித்துவிட்டாள். நான் சுற்றி வளைத்து அந்தப் படத்தைப் பற்றி ஆரம்பித்தேன். மூன்று மார்க் அவருக்கு நினைவில்லை. படம் நினைவிருந்தது.

"நீங்க தண்ணி வச்சி அழிச்சிட்டீங்க சார்."

"தப்புதாம்ப்பா. நீ வரைஞ்சதுதான் சரி."

அவர் சிரித்தார். "அத விடுங்க சார். மணலு பள்ளத்துலதான நிக்கும், அதத்தான் வரைஞ்சேன்" என்றார்.

அதற்குள் பேரன் வந்துவிட்டான். அறிமுகம் செய்துவைத்தேன். அவன் லேப்டாப்பைத் திறந்து, புதிதாகத் திருத்திய கடற்கரையைக் காட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் கண்ணுக்கு நிழல் கட்டி, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"கல்லு நல்லாருக்கு தம்பி. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மணலு போட்டிருக்கியே" என்றார்.

பேரன் புரியாமல் பார்த்தான். அவர் முகத்துவாரத்தைக் காட்டி விளக்கினார். வருடத்தில் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. கடலுக்குள் கல் நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் வந்து வந்து சேர்ந்து கல்லையே மூடிவிடும். வடக்குப் பக்கம் மணல் போய்விடும், கல் நிர்வாணமாக நிற்கும். புதுச்சேரியில் 1980-களில் துறைமுகத்துக்குக் கல் போட்ட பிறகு அதற்கு வடக்கே இருந்த கடற்கரை என்ன ஆயிற்று என்று நமக்கெல்லாம் தெரியும். "வாடையில வந்து பாரு. அப்ப ஓட்டம் தலகீழா மாறும், மணலும் மாறும்" என்றார். கல்லின் உயரம் மட்டும் போதாது, கல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பேரன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செல்போனில் ஏதோ குறித்துக்கொண்டான்.

கிளம்பும்போது அவர் இரண்டு கிலோ சங்கரா மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். முதுநகரில் பழைய சக ஆசிரியர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம்.

பேரன் அந்தக் கடற்கரையை இன்னும் முடிக்கவில்லை. டிசம்பரில் லீவு போட்டுவிட்டு வருகிறானாம், வடக்குப் பக்கத்துக் கல்லை மறுபடி படம் எடுக்க. படகுக்காரரிடம் போன் நம்பர் வாங்கி வைத்திருக்கிறான். நானும் ஒரு டிராயிங் நோட்டும் கேமல் கலர் பெட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன். அவர் வரைவாரா என்று தெரியாது. கேட்டுப் பார்க்கப் போகிறேன்.